கலப்படப் பயன்பாடு

ரவிக்கையில் வலது கை முடிந்தது, இடது கை பாக்கி, அதையும் வைத்துவிட்டால் அடியில் பட்டி, அப்புறம் கொக்கி, கொக்கி அவர் வேலை, அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டே பெடலை மிதித்த சாந்தாமணிக்கு, ‘வந்து’ என்கிற அந்த ஒரு வார்த்தையில் நினைப்பு சிக்கி நின்றது. வழி இருந்தால்தானே வருவார். அந்த வழியை அடைக்கத்தானே காஜா மொய்தீன் தகரமும் வெல்டிங் மிஷினுமாக வந்து, முற்றத்துப் பக்கம் தன் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். பாவம், முக்கால் மணி நேரமாக அவளைப் பார்ப்பதும் செல்போனைப் பார்ப்பதுமாக இருக்கிறான், கோபித்துக்கொள்ளவும் தெரியவில்லை அவனுக்கு. காஜாவாம் பேரு. தையல்காரிக்குக் காஜா என்றால் பட்டன் நுழைகிற ஓட்டை. ஓட்டையைப் பேராக வைத்துக்கொண்டு ஓட்டையை அடைக்க வந்திருக்கிறானே என்று மூன்றரை மணிக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது, இப்போது வரவில்லை. மூன்றரைக்குத்தான் தன் ஏழாம் நம்பர் கடையிலிருந்து தையல் மிஷினைத் தரதரவென்று இழுத்து வந்தாள். கடைகளுக்குப் பின்னால் ஓடுகிற நடை எங்கே முடிந்து உள்முற்றம் எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த இரும்புக் கதவின் நட்டநடுவில், நிலையை அடைத்துப் போட்டு, கடைப் பக்கம் ஸ்டூலைப் போட்டு முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கதவையும் இனி எவன் வந்து சாத்துகிறான் பார்க்கலாம். மோட்டார் மாட்டிக்கோ மாட்டிக்கோ என்று எத்தனை பேர் சொன்னார்கள், மாட்டாமல் விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, கரண்டைப் பிடுங்கினாலும் இது ஓடும், இவள் கால் ஓய்ந்தால்தான் நிற்கும். கால் ஓயுமா? வலது முழங்கால் இப்போதே முனகுகிறது. முனகட்டும், இருபத்தெட்டு வருஷமாக முனகிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு நாளாவது லீவு கேட்டதா? நூல் அறுந்தது. அறுந்த முனையை நாக்கில் தொட்டுக் கோத்தாள். மூன்றாம் தடவைதான் நுழைந்தது, பயமில்லை, வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடையில் எங்கே வெயில் இருக்கிறது, பயம்தான், இருந்துவிட்டுப் போகட்டும், பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

சட்டம் என்றதும் நோட்டீஸ். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று வாரமாக ஒட்டித்தான் இருக்கிறது, தலையைத் திருப்பினால் படிக்கலாம், திருப்பாமலே படிக்கலாம், அவ்வளவு தூரம் மனப்பாடம். ‘நமது கலப்படப் பயன்பாட்டுக் குடியிருப்பில் பாதுகாப்பை முன்னிட்டு, கடைப் பகுதிக்கும் வீட்டுப் பகுதிக்கும் இடையிலான வாசல் நிரந்தரமாக மூடப்படும். கடைக்காரர்கள் பின்புற சர்வீஸ் கேட்டைப் பயன்படுத்தவும்.’ கலப்புப் பயன்பாடு என்று இருந்திருக்க வேண்டும். பில்டர் கொடுத்த பளபளப்புப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது: வீடும் கடையும் கலந்த வளாகம், கீழே இறங்கினால் கடை, மேலே ஏறினால் வீடு. சத்தி ரோட்டில் சோளக்காடு இருந்த இடத்தில் நாலு பிளாக் எழுப்பி, அடியில் பதினொரு கடையை வரிசையாக வைத்து, அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அவளையும் கூட்டிவந்தார்கள். செல்வபுரத்து வீட்டை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் அவள் வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். நோட்டீஸைச் சங்கச் செயலாளர் தனபாலன் இங்கிலீஷில் அடித்து, செல்போனில் தமிழாக்கி, படித்தும் பார்க்காமல் ஒட்டிவிட்டார். வாட்ஸப்பில் ஆளாளுக்குச் சிரித்தார்கள், நாமெல்லாம் கலப்படமா சார், நாங்க டீத்தூளா சார், மிளகாய்ப்பொடியா சார் என்று. சாந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியிருக்கிறாள், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், உடுமலையில், அப்பாவின் எண்ணெய்க் கடை வாசலில், கழுத்தில் ஈர மாலையோடு. பக்கத்தில் அமலதாஸ் நின்றிருந்தார். அவர் வேறு சாதி, வேறு சாமி. கடை நெற்றியில் பச்சைப் பெயிண்டில் ‘கலப்படமற்ற செக்கு எண்ணெய்’ என்று பலகை. அப்பா அந்தப் பலகையைக் கையை நீட்டிக் காட்டினார். சத்தம்கூடப் போடவில்லை. “கடையில கலப்படம் இல்லைன்னு போர்டு போட்டிருக்கறேன். வீட்டுல பண்ணிட்டு வந்து நிக்கறயே” என்றார். அவ்வளவுதான், மண்ணெண்ணெய் வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்புகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. அம்மா செத்த அன்றைக்குப் போனாளே, அதுதான். முன்வாசலில் ஒறம்பரை, சொந்தமெல்லாம் நிற்கிறது, நீ பின்னால வா என்று சித்தப்பா வந்து காதில் சொன்னார். பின்னால் போனாள். மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, சாணியை மிதித்து, அடுக்களை வழியாகப் போய் அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்துக்காகப் போனது, அதில் தப்பில்லை என்று அமலதாஸ் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. தப்பில்லைதான், ஆனாலும் அந்தப் பின்வாசல் மட்டும் செரிக்கவே இல்லை அவளுக்கு. இப்போது மறுபடியும் ஒருத்தர் வந்து, கலப்படம் என்று எழுதி, பின்னால வா என்கிறார். செல்போன் பண்ணிய தப்பாம். செல்போனுக்கு எப்படித் தெரிந்தது உடுமலைக் கதை என்று ஆச்சரியப்பட்டாள். சாக்பீஸை எடுத்து நோட்டீஸில் திருத்தலாம் என்று நேற்று கை போனது, திருத்தவில்லை. இருக்கட்டும், அவர்கள் மனசில் இருப்பதைத்தானே போட்டிருக்கிறது. துணியில் கேட்டுப் பார்க்கட்டுமே இவர்கள், சுத்தப் பருத்தி ஒரே தண்ணீரில் சுருங்கிப்போகும், கலந்த துணிதான் வருஷக்கணக்கில் நிற்கும்.

இடது கையைத் திருப்பி வைத்து ஊசியை இறக்கினாள். சின்னச் சின்னச் சுருக்கமாகக் கொடுத்து வளைக்க வேண்டும், இழுத்தால் கக்கத்தில் பிடிக்கும். ஐம்பத்தேழு. என்ன ஐம்பத்தேழு? ஓ, அடி. அமலதாஸ் நடக்கிற அடி. லிஃப்டை விட்டு இறங்கினால் முற்றத்து மூலைத் தூண் வரைக்கும் பதினாறு, தூணிலிருந்து இந்த நிலை வரைக்கும் முப்பத்திரண்டு, நிலையைத் தாண்டிக் கடைக்குள்ளே ஒன்பது. கண்ணில் சர்க்கரை இறங்கிப் பார்வை முழுசாய்ப் போய் நாலு வருஷம். நகரத்திலேயே பேர் சொன்ன கட்டிங் மாஸ்டர், கோட்டு சூட்டுக்கு அவர் கத்திரி வைத்தால் இன்னொருத்தர் தொட மாட்டார், அப்பேர்ப்பட்டவர் முதல் ஆறு மாசம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேசக்கூட மாட்டார். அப்புறம்தான் ஒரு நாள் கொக்கியை எடுத்துக் கையில் கொடுத்தாள், சும்மா தடவிப் பாருங்கள் என்று. தடவியே கட்டினார். இப்போது காலையில் பத்து ஊசியில் நூல் கோத்துப் பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள், சாயங்காலம் அஞ்சுக்கு அவர் இறங்கி வந்து பத்தையும் காலி பண்ணுவார். கொக்கி வரிசையைப் பார்த்தால் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். அஞ்சு மணிக்கு முற்றத்தில் பவுண்டன் போடுவார்கள், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை இடது காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தால் நேராக இந்த வாசல். கம்புகூட எடுக்க மாட்டார், வீட்டுக்குள்ளே எதுக்குக் கம்பு என்பார். வீடு என்றால் அவருக்கு மேலே இருக்கிற ரெண்டு ரூம் மட்டும் இல்லை, இந்த ஐம்பத்தேழு அடியும் சேர்த்துத்தான். சர்வீஸ் கேட் வழியாகப் போ என்றால்? கடையை விட்டு மெயின் ரோட்டில் இறங்கி, லாரிக்கும் டேங்கருக்கும் நடுவில் நூறு கஜம், அப்புறம் பலகை பெயர்ந்த சாக்கடை ஓரமாகச் சந்து, அப்புறம் குப்பை வண்டி நிற்கிற கேட். கண்ணிருக்கிற இவளே புடவையைத் தூக்கிப் பிடித்துத்தான் போக வேண்டும். இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாளே. கூட்டத்துக்குப் போனபோதே வம்பு. வருகை நோட்டில் ரெண்டு கட்டம், குடியிருப்போர் ஒன்று, கடைக்காரர் ஒன்று, அம்மா நீங்க எதுல வர்றீங்க என்று வாட்ச்மேன் திகைத்தான். அவள் ரெண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டாள். நாற்காலி குடியிருப்போருக்கு, கடைக்காரர்கள் பின்னால் நின்றார்கள். பேக்கரிக்காரர் வாயே திறக்கவில்லை, மருந்துக் கடைப் பெண் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு மேலே வீடு இல்லை, அதனால் கவலையும் இல்லை. இவள் எழுந்து நின்று அவரைப் பற்றிச் சொன்னாள், அடிக்கணக்கு உட்பட. தனபாலன் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அதற்கென்னம்மா, அவர் மேலேயே ரெஸ்ட் எடுக்கட்டுமே என்றார். ரெஸ்ட்! ஆறு மாசம் சுவரைப் பார்த்து எடுத்த ரெஸ்ட் போதாதா? அந்த ஒரு வார்த்தையில்தான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள், மூடுவதென்று. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், ரசம் ஊற்றட்டுங்களா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள். சொல்லி என்ன செய்வது, மறுபடி அந்தச் சுவர் பக்கம் திரும்பிவிட்டால்?

தலையை நிமிர்த்தியபோது எதிரில் கால்சட்டை. தனபாலன்தான். எப்போது வந்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காஜாவைக் கேட்டார், காஜா எழுந்து நின்று மிஷினைக் காட்டினான். தனபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது பொது வழி, இங்கே சாமான் போடக் கூடாது, ஆள் விட்டு நகர்த்த வேண்டியிருக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஊசிக்குக் கீழே பார்த்ததும் பேச்சு அப்படியே நின்றது. மயில்கழுத்துப் பட்டு, அரக்குக் கரை. அவர் வீட்டில் நாளை மறுநாள் பெண்ணுக்கு நிச்சயம். “உங்க வீட்டம்மாதுங்க, ஆறு மணிக்குள்ள வேணும்னாங்க” என்றாள் சாந்தாமணி, சக்கரத்தை நிறுத்தாமல். வேண்டுமென்றே இந்தத் துணியை எடுத்துவந்து உட்கார்ந்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரியாது, வரிசைப்படி இதுதான் இன்றைக்கு, ஆனாலும் எடுக்கும்போது மனசுக்குள் ஒரு குஷி இல்லாமலும் இல்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு தூண் பக்கம் தள்ளிப் போனார். யாரைக் கூப்பிடுகிறார்? பில்டர் ஆளையா, போலீஸையா? போலீஸ் வந்தால் என்ன சொல்வது, தைக்கிறேன் என்பதா? தையல் ஒரு நூல் கோணிக்கொண்டு போனது, பிரித்தாள். பிரிக்கும்போதுதான் அந்தக் கெட்ட நினைப்பு வந்தது. தனபாலன் வீட்டுச் சுலோச்சனா அம்மாவுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். புருஷனுக்கே தெரியாது, இவளுக்கும் இவள் டேப்புக்கும்தான் தெரியும். இவள் உள்ளே மெல்லிசாக ஒரு பட்டை வைத்து ஏற்றிவிடுவதால் ரெண்டு தோளும் சமமாகத் தெரியும். பட்டையை இன்றைக்கு வைக்காமல் விட்டால்? நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னால், போட்டோவில், வீடியோவில்? யாரும் இவளைக் குறை சொல்ல முடியாது, உடம்பு அப்படி என்று போய்விடும். ஒரு நிமிஷம் பெடல் நின்றது. அந்த அம்மா அளவு கொடுக்க வந்தபோதெல்லாம் நடை வழியாகத்தான் வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு, உங்க கை பட்டாத்தான் எனக்கு ரவிக்கை ரவிக்கையா இருக்குது சாந்தாமணி என்று சொல்வார். கூட்டத்தில் அவர் கை தூக்கினாரா இல்லையா என்று இவள் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. சீ, வேலையில் போய் வஞ்சம் தீர்ப்பதா, இது அமலதாஸ் சொல்லிக் கொடுத்த தொழில். பட்டையை வைத்தாள். நன்றாகவே வைத்தாள். சண்டை வாசலோடு, துணியோடு இல்லை. இடது கை முடிந்தது, பட்டியும் ஓடி முடிந்தது, நூலைக் கத்தரித்தாள், இனிக் கொக்கிதான்.

அப்போதுதான் பவுண்டன் சத்தம் கேட்டது. முதலில் குழாய் இருமுகிற சத்தம், அப்புறம் சொளசொளவென்று தண்ணீர். மணி அஞ்சு. வந்துவிடுவார் என்று மனசு ஒரு கணம் லேசானது. ஐயோ, மிஷின்! கதவைச் சாத்த விடக் கூடாது, சாத்த விடக் கூடாது என்று நினைத்து நினைத்து, நிலையை முழுசாய் அடைத்து அல்லவா போட்டிருக்கிறாள். ரெண்டு பக்கமும் ஒரு விரற்கடை இடைவெளி இல்லை. தனபாலன் தகரம் வைத்து அடைப்பதற்கு முன்னால் இவளே இரும்பு வைத்து அடைத்துவிட்டாள். முட்டாள், இந்த ஐம்பத்தேழில் நடுவில் ஒரு சாமான் வரும் என்று அவர் கனவிலும் நினைக்க மாட்டாரே, நேராக வந்து முழங்காலை இடித்துக்கொள்வாரே. எழுந்தாள். நகர்த்தலாம், ஒரு பக்கமாகத் திருப்பினால் ஆள் நுழையலாம், ஆனால் திருப்பினால் கதவு சாத்த வழி வந்துவிடும், அந்தத் தூண் பக்கத்து மனுஷன் அதற்குத்தானே காத்திருக்கிறார். நகர்த்தாவிட்டால் இப்போது அவர் இடித்துக்கொள்வார். நகர்த்தினால் நாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் அவருக்கு வழியே இல்லை. பலகையில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் தெரியாமல் நின்றாள். லிஃப்ட் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, வழக்கம் தவறக் கூடாது என்று இன்னும் வைத்திருக்கிறார். உதடு அசைகிறது, எண்ணுகிறார். தூண் வந்தது, கையால் ஒரு தட்டுத் தட்டினார், தனபாலனை உரசிக்கொண்டுதான் வந்தார், தனபாலன் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கினார். ஏங்க நில்லுங்க என்று கத்த வேண்டும், இத்தனை பேர் முன்னால் எப்படிக் கத்துவது என்று அப்போதும் அவளுக்கு ஒரு கூச்சம், நாக்கு புரண்டு வருவதற்குள் அவர் பத்தடிக்குள் வந்துவிட்டார். வந்தவர் அங்கே தானாகவே நடையைக் குறைத்தார். முப்பது, முப்பத்தொன்று. கையை முன்னால் நீட்டினார். விரல் சக்கரத்தில் பட்டது, சக்கரத்திலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து பட்டுக்குப் போனது.

“கடை இங்க வந்துருச்சா மணி” என்றார்.

இல்லீங்க, இதோ நகத்திடறேன், சித்தெ இருங்க என்று என்னென்னவோ உளறிக்கொண்டு மிஷினைப் பிடித்து இழுக்கப் போனாள். அவர் உள்ளங்கையைப் பலகை மேல் அழுத்தி வைத்தார். கட்டிங் மேஜையில் துணி நகராமல் பிடிப்பாரே, அந்தப் பிடி.

“நகத்தாத. நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கே வாட்ச்மேன் படிச்சுச் சொல்லிட்டான். கலப்படம்னு போட்டிருக்காமா?” என்று சிரித்தார். “நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துட்டே இருந்தேன். மூணரையில இருந்து மேல ஜன்னல்ல மிஷின் சத்தம் கேக்குது, கடையில ஓடுனாக் கேக்காத சத்தம்.”

பாவி மனுஷா, தெரிந்துகொண்டேதான் மூன்று வாரமாக ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டாரா. சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்று இவள் ஒருத்தி உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாளே. கோபமும் வந்தது, அதைவிடப் பெரிதாக என்னவோ ஒன்றும் வந்தது.

“நான் எந்தப் பக்கம் உக்காரட்டும்?” என்று கேட்டார் அவர்.

“அங்கயே உக்காருங்க” என்றாள் சாந்தாமணி, தூணுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. “அதுவும் நம்ம பக்கந்தான்.”

உட்கார என்ன இருக்கிறது அந்தப் பக்கம்? காஜா மொய்தீன் தன் சாமான் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் வைத்து, தோளைத் தொட்டு உட்கார வைத்தான். இவள் ஊசித் திண்டையும் கொக்கி டப்பாவையும் பலகை மேல் தள்ளினாள், ரவிக்கையைத் திருப்பி முன்பட்டியை அவர் விரலில் கொடுத்தாள். அவர் பட்டியின் நீளத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை அளந்தார், முதல் கொக்கியை வைத்தார், ஊசியை இறக்கினார். நடை வழியாகப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார், மருந்துக் கடைப் பெண்ணும் வந்து நின்றது. மேலே பால்கனியில் ரெண்டு மூன்று தலைகள். தனபாலன் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். குனிந்த தலையைப் பார்த்தார், தன் வீட்டுப் பட்டுத் துணியைப் பார்த்தார், நிலையை அடைத்துக்கொண்டு நடுவில் நிற்கிற மிஷினைப் பார்த்தார். காஜாவிடம் திரும்பி, இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு வா என்றார்.

“நாளைக்கும் அஞ்சு மணிக்கு நான் வந்துருவனுங்க சார்” என்றார் அமலதாஸ், தலையைத் தூக்காமல். “அம்மாவுக்கு ஆறு கொக்கி போதுங்களா, ஏழு வெக்கட்டுங்களா?”

எத்தனை என்று தனபாலனுக்குத் தெரியவில்லை. ஏழு என்றாள் சாந்தாமணி அவருக்குப் பதிலாக. தனபாலன் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து போனார், பவுண்டன் தண்ணீர் அவர் செருப்பில் தெறித்ததைக்கூடப் பார்க்கவில்லை. காஜா தகரத்தைச் சுவரோரம் சாய்த்தான், வயரைச் சுருட்ட ஆரம்பித்தான், பெட்டி மட்டும் வேண்டும், ஆனால் கேட்கத் தயங்கி நின்றான். சாந்தாமணி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முழங்கால் முனகியது. அடுத்த துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்து, நாளைக்கு வரும்போது அவருக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துவர வேண்டும், வெல்டிங்காரன் பெட்டியை எத்தனை நாளைக்குத்தான் வாங்கி வைத்துக்கொள்வது என்று நினைத்தபடி பெடலை மிதித்தாள்.